வேதாந்தத்திற்கு விஞ்ஞானம் சாட்சி சொல்ல வேண்டுமா?

திருவனந்தபுரத்தில் கிழக்குக் கோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை நீளும் பழைய கடைத்தெருவுக்குச் சாலை என்று பெயர். திருவிதாங்கூர் திவானாக இருந்த ராஜா கேசவதாஸ் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருவாக்கிய அங்காடி அது. தமிழ் பேசும் வணிகக் குடும்பங்கள் பல அங்கே தலைமுறை தலைமுறையாகக் கடை நடத்தி வருகின்றன. நவராத்திரி வந்துவிட்டால், பத்மநாபபுரத்துச் சரஸ்வதி தேவியுடன் புறப்பட்டு வரும் வேளிமலைக் குமாரசுவாமி, சாலையை ஒட்டிய ஆரியசாலைக் கோயிலில் எழுந்தருளியிருப்பார். அந்த நாட்களில் சாலை முழுவதும் சாம்பிராணி மணக்கும்.

அப்படி ஒரு சரஸ்வதி பூஜை நாளன்று மாலையில், அங்கே பலசரக்குக் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவரைப் பார்க்கச் சென்றிருந்தேன். கணக்குப் புத்தகங்கள், தராசு, எடைக்கற்கள் எல்லாம் பூஜையில் இருந்தன. அவருடைய மகள் இயற்பியலில் முதுகலை படிக்கிறாள். அவள் ஒரு காலி அட்டைப் பெட்டியின் ஒரு பக்கத்தில் வட்டமாகத் துளையிட்டு, உள்ளே சாம்பிராணிப் புகையை நிரப்பி, பின்பக்கத்தை விரலால் மெல்லத் தட்டினாள். துளையிலிருந்து வெண்ணிறப் புகை வளையம் ஒன்று புறப்பட்டு, உருக்குலையாமல் கடையின் குறுக்கே மிதந்து சென்று, எதிர்ச்சுவரில் மோதிக் கலைந்தது.

"மாமா, சென்ற வாரம் சத்சங்கத்தில் நீங்கள் சொன்ன அணு இதுதான்" என்றாள்.

அந்தச் சத்சங்கத்தில் நான் ஆற்றிய உரையில் ஒரு பகுதி இவ்வாறு அமைந்திருந்தது: "ஜடப்பொருள் என்பது ஆகாசத்தில் எழும் சுழலே என்று நம் ரிஷிகள் கண்டார்கள். அதையே மேல்நாட்டில் கெல்வின் பிரபு கூறினார். டெஸ்லா அதைக் கணிதத்தால் நிரூபித்தார். ஐன்ஸ்டீன் அதற்கு முத்திரை வைத்தார்." கேட்டவர்கள் மகிழ்ந்தார்கள், எனக்கும் மகிழ்ச்சியாகவே இருந்தது.

அந்தப் பெண் அமைதியாகச் சொன்னாள்: "கெல்வின் பிரபு தாமே கைவிட்டுவிட்ட கொள்கையை நீங்கள் சான்றாகக் காட்டினீர்கள். டெஸ்லா நிரூபணம் எதையும் வெளியிடவில்லை. ஐன்ஸ்டீனோ ஈதரே தேவையில்லை என்றவர். இந்த மூன்றும் தவறானால், நீங்கள் சொன்ன மற்றவற்றை நான் எப்படி நம்புவது?"

"விவரத்தில் சிறு பிழை இருக்கலாம், கருத்து உயர்ந்ததல்லவா?" என்று சமாளித்தேன். பூஜைக்காக எடைக்கற்களைத் துடைத்துக்கொண்டிருந்த நண்பர் தலை நிமிராமலே கேட்டார்: "நல்ல சரக்குக்குக் கள்ள எடைக்கல் எதற்கு ஐயா?"

அந்தக் கேள்வியே இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

எடின்பரோவில் ஒரு புகை வளையம்

முதலில், நான் தவறாகச் சான்று காட்டிய அந்தக் கொள்கை என்ன என்பதைப் பார்ப்போம். அது இகழத்தக்கதன்று, மிக அழகானது.

1858-ஆம் ஆண்டு ஜெர்மானிய விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ், திரவங்களில் எழும் சுழல்களைக் குறித்து ஓர் ஆய்வை வெளியிட்டார். உராய்வே இல்லாத முழுநிறைவான ஒரு திரவத்தில் ஒரு சுழல் இருக்குமானால், அது ஒருபோதும் அழியாது. புதிதாக ஒரு சுழல் தோன்றவும் தோன்றாது என்று அவர் கணிதத்தின் வாயிலாகக் காட்டினார். 1867-இல் எடின்பரோவில் பேராசிரியர் டெயிட், தம் நண்பர் வில்லியம் தாம்சனுக்கு இதை விளக்கப் புகை வளையங்களை உண்டாக்கிக் காட்டினார். தாம்சனே பின்னாளில் கெல்வின் பிரபு என்று அழைக்கப்பட்டவர். இரண்டு வளையங்கள் நெருங்கி வரும்போது கலைந்துவிடாமல், ரப்பர் வளையங்களைப் போல அதிர்ந்து விலகிச் சென்றதை அவர் கண்டார். அதே ஆண்டு பிப்ரவரி மாதம் எடின்பரோ ராயல் சங்கத்தின் முன் தம் கருத்தை வைத்தார்: அண்டவெளி முழுவதும் ஈதர் என்னும் நுண்ணிய ஊடகம் நிறைந்திருக்கிறது, அணு என்பது அதில் சுழலும் வளையம், பொருள் என்று தனியாக ஒன்றில்லை, ஈதரின் இயக்கமே பொருளாகத் தோன்றுகிறது.

இக்கொள்கை பல புதிர்களை ஒரே வீச்சில் அவிழ்ப்பதாகத் தோன்றியது. அணு ஏன் அழிவதில்லை? முழுநிறைவான திரவத்தில் சுழல் அழியாது, அதனால். தனிமங்கள் ஏன் பல வகையாக உள்ளன? ஒரு கயிற்றைப் பல விதமாக முடிச்சிடுவதுபோலச் சுழலும் பல விதமாக முடிச்சிட்டுக்கொள்ளும், அதனால். ஒவ்வொரு தனிமமும் ஏன் தனக்கே உரிய நிறத்தில் ஒளி விடுகிறது? ஒவ்வொரு முடிச்சும் தனக்கே உரிய முறையில் அதிர்கிறது, அதனால். தனிமங்களுக்கு ஓர் அட்டவணை கிடைக்கும் என்ற நம்பிக்கையில் டெயிட் முடிச்சுகளை வகைப்படுத்தும் பணியில் பல ஆண்டுகள் உழைத்தார்.

ஆயினும் கணக்குகள் ஒத்துவரவில்லை. புவியீர்ப்பை இக்கொள்கையால் விளக்க இயலவில்லை. முடிச்சிட்ட சுழல்கள் நிலைத்து நிற்கும் என்பதையும் நிறுவ முடியவில்லை. தம் கருத்தைப் பல ஆண்டுகள் போற்றி வளர்த்த கெல்வின் பிரபுவே இறுதியில் அதன்மீது நம்பிக்கை இழந்தார். ஈதர் என்ற ஊடகமும் ஐயத்திற்கு உள்ளாயிற்று. பூமி ஈதரினூடே விரைகிறது என்றால் ஈதர்க் காற்று வீச வேண்டுமல்லவா? 1887-இல் மைக்கல்சன், மோர்லி இருவரும் மிக நுட்பமான கருவியால் அதை அளக்க முயன்றனர். எதிர்பார்த்த விளைவு கிடைக்கவில்லை. 1897-இல் ஜே. ஜே. தாம்சன் எலக்ட்ரானை இனங்கண்டார். இளமையில் சுழல் வளையங்களைப் பற்றி நூல் எழுதியவர் அவர். அவர் கையாலேயே அணுவைப் பற்றிய ஆய்வு வேறு திசையில் திரும்பியது.

நியூயார்க்கில் ஒரு சந்திப்பு

இந்தக் கொள்கைக்கும் நமக்கும் உள்ள தொடர்பு சுவாமி விவேகானந்தர் வாயிலாக அமைந்தது.

1892 டிசம்பரில், கன்னியாகுமரிக்குச் செல்லும் முன் சுவாமிஜி திருவனந்தபுரத்தில் தங்கினார். பேராசிரியர் சுந்தரராம ஐயரின் இல்லத்தில் இருந்துகொண்டு இந்நகரத்துக் கல்விமான்களோடு உரையாடினார். அவர்களுள் ரசாயனப் பேராசிரியர் ரங்காசாரியாரும் ஒருவர். நவீன விஞ்ஞானத்தை அஞ்சி ஒதுக்காமல் அதனோடு நேருக்கு நேர் பேச முற்பட்ட துறவியாகவே இந்நகரம் அவரைக் கண்டது.

அடுத்த நான்கு ஆண்டுகளுக்குள், நியூயார்க்கில் அவர் நிகோலா டெஸ்லாவைச் சந்தித்தார். 1896 பிப்ரவரி 13-ஆம் நாள் இங்கிலாந்திலிருந்த அன்பர் ஸ்டர்டிக்கு அவர் எழுதிய கடிதத்தில் இச்செய்தி உள்ளது. பிராணன், ஆகாசம், கல்பங்கள் ஆகியவை பற்றிய வேதாந்தக் கருத்துகள் டெஸ்லாவை மிகவும் கவர்ந்தன. சக்தி, ஜடம் ஆகிய இரண்டையுமே நிலை ஆற்றலாகச் சுருக்கிவிடலாம் என்று கணிதத்தால் காட்ட இயலும் என டெஸ்லா கருதினார். அந்த நிரூபணத்தைக் காண அடுத்த வாரம் செல்லவிருப்பதாகச் சுவாமிஜி எழுதுகிறார். அப்படி நிகழ்ந்தால் வேதாந்தத்தின் பிரபஞ்சக் கொள்கை மிக உறுதியான அடித்தளத்தைப் பெறும் என்றும் குறிப்பிடுகிறார்.

'அப்படி நிகழ்ந்தால்' என்ற சொற்களை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். சுவாமிஜி நிரூபணத்தை எதிர்பார்த்தார். கிடைத்துவிட்டதாக அக்கடிதத்தில் அவர் கூறவில்லை. டெஸ்லா அத்தகைய நிரூபணம் எதையும் வெளியிடவுமில்லை. பின்னாளில் எழுதிய ஒரு கட்டுரையில், ஆகாசம், பிராணன் என்ற சொற்களையே எடுத்தாண்டு, மூலப்பொருள் நுண்ணிய சுழல்களாகச் சுழலும்போது ஜடமாகிறது, இயக்கம் அடங்கினால் ஜடம் மறைகிறது என்று டெஸ்லா வருணித்தது உண்மை. ஆனால் வருணனை வேறு, நிரூபணம் வேறு. ஒரு மேதையின் வியப்பை அவருடைய கண்டுபிடிப்பாக மாற்றியது நம் போன்றோரின் ஆர்வமே.

ஒன்றையொன்று மறுக்கும் சாட்சிகள்

இதைவிடப் பெரிய பிழை ஒன்றும் என் உரையில் இருந்தது. "டெஸ்லாவால் இயலாததை 1905-இல் ஐன்ஸ்டீன் செய்து முடித்தார், நிறையும் ஆற்றலும் ஒன்றே என்று நிறுவினார்" என்று நாம் பெருமையுடன் கூறுகிறோம். நிறைக்கும் ஆற்றலுக்கும் உள்ள தொடர்பை அவர் நிறுவியது உண்மையே. ஆனால் அதே ஆண்டில் சார்பியலை முன்வைத்தபோது, ஒளியைச் சுமந்து செல்ல ஈதர் தேவையில்லை என்பதையும் அவர் காட்டினார். டெஸ்லாவோ 1943-இல் மறையும்வரை சார்பியலை ஏற்கவில்லை, ஈதரையும் விடவில்லை.

அப்படியானால் நான் செய்தது என்ன? ஒருவரையொருவர் மறுக்கும் இரு சாட்சிகளை ஒரே கூண்டில் நிறுத்தி, இருவருமே என் கட்சிக்காரர்கள் என்று வாதாடினேன். நீதிமன்றத்தில் இப்படி வாதாடினால் வழக்கே கெட்டுவிடும். வழக்கில் நியாயம் இருந்தாலும்கூடக் கெட்டுவிடும்.

இது நேற்றோடு முடிந்த பழக்கமும் அன்று. அன்று ஈதரைக் காட்டினோம். இன்று குவாண்டம் புலத்தைக் காட்டுகிறோம், கரும்பொருளைக் காட்டுகிறோம். புதிதாக ஒரு கொள்கை வந்தவுடன் "இது நம்மிடம் முன்பே இருந்தது" என்கிறோம். ஆனால் விஞ்ஞானத்தின் இயல்பே தன்னைத் தானே திருத்திக்கொள்வது. மாறிக்கொண்டே இருக்கும் ஒன்றின்மீது மாறாத ஒன்றைச் சார்த்தி வைப்பது விவேகமாகுமா? அது சாயும்போது இதுவும் சாய்ந்தது என்றுதானே இளைய தலைமுறை எண்ணும்?

சுருதி எதற்குப் பிரமாணம்?

நம் ஆசாரியர்கள் இந்த அபாயத்தை அறிந்திருந்தார்கள். கீதையின் பதினெட்டாம் அத்தியாயத்திற்கு எழுதிய பாஷ்யத்தில் ஸ்ரீசங்கரர் அஞ்சாமல் ஒரு கருத்தைச் சொல்கிறார்: நெருப்பு குளிர்ச்சியானது என்று நூறு சுருதி வாக்கியங்கள் கூறினாலும் அவை பிரமாணம் ஆகமாட்டா. கண்ணும் தோலும் அறியக்கூடியதைக் கண்ணும் தோலுமே அறியட்டும். அவற்றால் எட்ட இயலாததை உணர்த்தவே சுருதி இருக்கிறது என்பது இதன் கருத்து. சுருதியின் எல்லையை இவ்வளவு தெளிவாக வகுத்தவர் சுருதியின்மீது பற்றுக் குறைந்தவர் அல்லவே!

சிருஷ்டி முறையையே எடுத்துக்கொள்வோம். ஆத்மாவிலிருந்து ஆகாசம், ஆகாசத்திலிருந்து வாயு என்று தைத்திரீய உபநிஷதம் தொடங்குகிறது. சாந்தோக்கியத்தின் ஆறாம் அத்தியாயமோ தேஜஸிலிருந்து தொடங்குகிறது. அங்கே ஆகாசத்தின் தோற்றம் சொல்லப்படவில்லை. உபநிஷதங்கள் பௌதிக நூல்களாயின் இவற்றுள் எது சரி என்று சண்டையிட நேரும். சிருஷ்டியை வருணிப்பது உபநிஷதங்களின் நோக்கமன்று. எல்லாம் ஒன்றே என்ற உண்மைக்கு நம் புத்தியை அழைத்துச் செல்லும் படிக்கட்டுகளே அவ்வருணனைகள் என்று கௌடபாதரும் சங்கரரும் விளக்கினார்கள்.

ஆகாசம் என்ற சொல்லும் அத்தகையதே. வைசேஷிகர்களுக்கு அது ஒலியின் இருப்பிடம். எங்கும் நிறைந்தது, அசைவற்றது. அசையாத ஒன்றில் சுழல் எப்படி எழும்? சாந்தோக்கியத்தில் ஓரிடத்தில் வரும் ஆகாசம் பிரம்மத்தையே குறிக்கிறது என்று பிரம்ம சூத்திரம் முடிவு செய்கிறது. சிதம்பரத்தில் திரை விலகும்போது பொன் வில்வமாலைக்கு அப்பால் எந்த உருவமும் தெரிவதில்லை. அந்த வெட்டவெளியின் முன் கைகூப்பி நிற்கும் பக்தர் எவரும், இது ஒளியைச் சுமக்கும் ஊடகமா என்று ஆராய்வதில்லை. கெல்வின் பிரபுவின் ஈதரும் நம் ஆகாசமும் ஒன்றல்ல. ஆகவே ஈதர் வீழ்ந்தபோது நம் ஆகாசத்திற்கு எந்தக் குறைவும் நேரவில்லை. இரண்டையும் நாமாக முடிச்சுப் போட்டால்தான் குறைவு நேரும்.

அறிவுத்துறைகளுக்குத் தனித்தனி எல்லை உண்டு என்ற எண்ணம் இந்நகரத்துக்குப் புதிதன்று. திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக இருந்த மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை, கலைகளையும் அறிவியல்களையும் வகைப்படுத்தித் தமிழிலேயே 'நூற்றொகை விளக்கம்' என்று ஒரு நூல் எழுதினார். ஆழ்ந்த சைவப் பற்றும் நவீன அறிவியல் நோக்கும் அவரிடம் ஒன்றாகவே குடியிருந்தன. ஒன்றைக் காக்க மற்றொன்றை வளைக்கும் தேவை அவருக்கு இருக்கவில்லை.

சுழி கற்பிக்கும் பாடம்

அப்படியானால் சுவாமிஜி சுழல் உவமையைக் கையாண்டது வீணா? இல்லை. 'ராஜ யோகம்' நூலில் பிராணனைப் பற்றிப் பேசும்போது, ஒவ்வொரு உருவமும் எல்லையற்ற ஜடக் கடலில் எழும் ஒரு சுழி போன்றது என்று அவர் விளக்குகிறார். சுழியில் உள்ள நீர் நொடிக்கு நொடி வெளியேறுகிறது. புதுநீர் வந்து சேர்கிறது. சுழி மட்டும் அப்படியே நிற்பதாகத் தோன்றுகிறது. நம் உடலும் அத்தகையதே. நேற்று உண்ட சோறு இன்று நம் தசை. இன்றைய மூச்சு நாளை எந்த இலையிலோ. இதை உணர்வதற்கு ஈதர் தேவையில்லை. உண்பதையும் மூச்சுவிடுவதையும் கவனித்தாலே போதும்.

சாலைக் கடைத்தெரு முடியும் இடத்தில் கிள்ளியாறு ஓடுகிறது. ஐப்பசி மழை பெய்து ஓய்ந்த ஒரு மாலையில் பாலத்தின்மேல் நின்று பார்த்தேன். ஒரு கல்லின் அருகே சுழி ஒன்று உருவாகியிருந்தது. பூஜையில் வைத்து ஆற்றில் விட்ட பூக்களும் ஒரு வாழையிலைத் துண்டும் அதில் சிக்கிச் சுற்றிக்கொண்டிருந்தன. சற்றுநேரத்தில் பூக்கள் விடுபட்டுப் போய்விட்டன, சுழி இருந்தது. பிறகு சுழியும் இல்லை, ஆறு இருந்தது. 'என் உடல், என் கடை, என் பெயர், என் சொற்பொழிவு' என்று நாம் பற்றிக்கொள்வதெல்லாம் எத்தன்மையது என்பதை அந்தச் சுழி எனக்குச் சொல்லிற்று. பௌதிகக் கொள்கையாக அது தோற்றுப்போயிருக்கலாம். பற்றை அறுக்கும் உவமையாக அது தோற்கவில்லை.

தோற்ற கொள்கையிலும் உண்மையான உழைப்பு வீண்போவதில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். தனிமங்களின் அட்டவணையைத் தேடி டெயிட் தொகுத்த முடிச்சுகள் ரசாயனத்திற்குப் பயன்படவில்லை. ஆனால் அதிலிருந்து கணிதத்தில் முடிச்சியல் என்ற தனித்துறை வளர்ந்தது. இன்று உயிரணுவில் மரபிழைகள் எவ்வாறு சிக்கிக்கொள்கின்றன, எவ்வாறு அவிழ்கின்றன என்று ஆராய்பவர்களுக்கு அது உதவுகிறது. 2013-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில், முடிச்சிட்ட சுழலைத் தண்ணீரிலேயே உண்டாக்கிக் காட்டினார்கள். அது உருவான சற்று நேரத்திலேயே தானாக அவிழ்ந்துபோயிற்று. எதிர்பார்த்த பலன் கிடைக்காதபோதும் நேர்மையான கர்மம் எங்கோ பலன் தருகிறது. கீதை படிக்கும் நமக்கு இது புதிய செய்தியா?

சத்தியமே பிரமாணம்

அடுத்த சத்சங்கத்தில் முதல் காரியமாக எழுந்து, சென்ற வாரம் நான் கூறிய மூன்று செய்திகளும் தவறு என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அது எளிதாக இல்லை. கூட்டம் முடிந்தபின் முதிய அன்பர் ஒருவர் வருத்தத்துடன், "இளைஞர்கள் முன்னிலையில் இப்படிச் சொன்னால் அவர்களுடைய சிரத்தை குறைந்துவிடாதா?" என்று கேட்டார். அவருடைய கவலை தூயது. அதை நான் அலட்சியம் செய்யவில்லை. ஆனால் சிரத்தையைக் குறைத்தது என் திருத்தமா, என் பிழையா? அந்தப் பெண் என்னைக் கேள்வி கேட்டபோதே அவளுடைய நம்பிக்கையில் ஒரு விரிசல் விழுந்திருந்தது. அதை மறைத்தால் விரிசல் பெரிதாகும். ஒப்புக்கொண்டால்தான் அதைச் செப்பனிடவாவது ஒரு வழி பிறக்கும்.

சுவாமிஜியே இவ்விஷயத்தில் நமக்கு வழிகாட்டி. இங்கிலாந்தில் பகுத்தறிவும் மதமும் பற்றிப் பேசுகையில், விஞ்ஞானங்களுக்குரிய அதே ஆராய்ச்சி முறைகளை மதத்திற்கும் பயன்படுத்த வேண்டும் என்றார். அந்தச் சோதனையில் ஒரு மதம் அழிந்தால் அது வெறும் மூடநம்பிக்கையாகவே இருந்திருக்கும். அது விரைவில் போவதே நல்லது என்றும் துணிந்து கூறினார். சோதனைக்கு அஞ்சாதவரின் பெயரால் சோதிக்கப்படாத செய்திகளை நாம் பரப்பலாமா?

கடைக்காரர் தம் எடைக்கற்களைக் காலந்தோறும் சோதனைக்குக் கொடுத்து அரசு முத்திரை பெற வேண்டும். தேய்ந்த கல்லைப் பயன்படுத்தினால், கடையில் இருப்பது எத்தனை உயர்ந்த சரக்காயினும் அவர் ஏமாற்றுக்காரரே. ஆன்மிகத்தைப் பற்றிப் பேசுவோரும் எழுதுவோரும் தாம் காட்டும் சான்றுகளைக் காலந்தோறும் சோதித்துப் பார்க்கக் கடமைப்பட்டவர்கள் அல்லவா? வேதாந்தத்தின் நிரூபணம் எடின்பரோவிலும் நியூயார்க்கிலும் கிடைப்பதன்று. கோபம் தணிந்ததா, பிறர் துயரம் நம் துயரமாயிற்றா, தவறு செய்தால் ஒப்புக்கொள்ளும் துணிவு வந்ததா என்று அவரவர் தம் வாழ்வில் சோதித்து அறிய வேண்டியது அது.

அந்தப் பெண் இப்போதும் சத்சங்கத்திற்கு வருகிறாள். பின்வரிசையில் அமர்ந்து கேட்கிறாள். என் சொற்களை அவள் நிறுத்துப் பார்க்கிறாள் என்பது எனக்குத் தெரியும். அதனால் பேசத் தொடங்கும் முன் நானும் ஒருமுறை நிறுத்துப் பார்த்துக்கொள்கிறேன்.